அதெமாருக்கு ஒரு கோட்டு

பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் கிஷாதாவில் செத்துப்போனவர்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பது பாதிரியார் அல்ல, லிந்தால்வா. உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள்கூடச் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள், கோயில் வாசலை மிதிக்காமலே எட்டுப் பிள்ளை பெற்றவர்கள், ஒருத்தர் போய்ச் சேர்ந்து இன்னொருத்தர் எழ முடியாமல் தூளிப் படுக்கையில் கிடப்பவர்கள், எல்லாரும் கடைசியில் அவள் வீட்டு முன்னறைக் கணினிக்குள் வந்துதான் ஜோடி சேர்ந்தார்கள்.

ஆண்கள் பெரும்பாலும் அடையாள அட்டைப் படமாகத்தான் வருவார்கள். வெளுத்து, கறை படிந்து, பாதி முகத்தைப் பூச்சி தின்றிருக்கும். அவர்களுக்கெல்லாம் லிந்தால்வா கோட்டு போட்டுவிடுவாள். அவளிடம் ஏழு கோட்டுகள் இருந்தன, ஏழும் போட்டோஷாப்பில். வாழ்நாள் பூராவும் கிழிந்த பனியனோடு பருத்தி பறித்தவன்கூட அவள் கைபட்டால் நகரசபைத் தலைவர் களையோடு எழுந்து உட்காருவான். பெண்களுக்குத் தோடும் சங்கிலியும் உண்டு. சவப்பெட்டியில் எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் மூடிய கண்ணைத் திறந்துவைப்பாள். நிறத்தை மட்டும் மாற்ற மாட்டாள். அப்பாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொல்லி யாராவது இழுத்தால், "உங்கப்பா வெயில்ல நின்னு வேல செஞ்ச மனுஷன். வெளுத்துப் போய் நின்னா சொர்க்கத்துல ஆள்மாறாட்டம்னு வெளிய தள்ளிடுவாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

உள்ளடங்கிய பண்ணைகளிலிருந்து இந்தப் படங்களை மோட்டார் சைக்கிளில் சேகரித்துக்கொண்டு வருபவன் தோர்ஜிவால். அவன் மகளுக்கு அவள் ஞானத்தாய். அதனால் அவளை 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவான். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் வீட்டார் கேட்டதைப் பென்சிலால் எழுதி வருவான்.

"இந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா, புருஷனுக்குக் கோட்டு வேணும், ஆனா டை வேணாமாம். கழுத்துல எதைக் கட்டினாலும் அவருக்கு மூச்சு முட்டுமாம்."

"செத்துப் பதினாறு வருஷம் ஆச்சுன்னு எழுதியிருக்கே. இன்னுமா மூச்சு முட்டுது?"

"நான் கேக்கல கொமாத்ரே. அந்தம்மா கையில அருவா இருந்துச்சு."

தோர்ஜிவால் வந்துபோகும் அந்த அரைமணி நேரத்தில்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். மற்ற நேரமெல்லாம் மின்விசிறிச் சத்தம்தான். லிந்தால்வாவுக்கு ஐம்பத்தைந்து வயது. பிள்ளை குட்டி இல்லை. மத்தியானம் அடுப்படியில் நின்றபடியே சோளமாவில் அவித்த குஸ்குஸை முட்டையோடு சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி கணினி முன்னால் வந்து உட்காருவாள். ஒரு ஆளுக்கு மேசை போடுவது வீண் வேலை என்பது அவள் கட்சி.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. பாதிரியார் நடத்திய கல்யாணம். எண்பத்து மூன்றாம் வருடத்துப் பஞ்சத்தில் கிணறெல்லாம் வற்றி, மாடெல்லாம் செத்து, ஆண்களெல்லாம் சாவோ பாவ்லோவுக்குக் கட்டட வேலை தேடிப் பேருந்து ஏறினார்கள். அவள் புருஷன் அதெமாரும் ஏறினான். கல்யாணமாகி ஏழு மாதம். அவளுக்கு வயது பத்தொன்பது. இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'உயிரோடு இருப்பவனின் விதவை' என்பார்கள். கறுப்புடுத்தி அழவும் முடியாது, வேறொருவனைக் கட்டவும் முடியாது. வருகிறானா என்று எதிர்பார்த்து, பிறகு திட்டி, பிறகு அதையும் விட்டு, அவள் முப்பத்தாறு வருடம் ஓட்டிவிட்டாள்.

அவனுடைய படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. இருந்த ஒரே படம் அவனுடைய வேலை அட்டையில் ஒட்டியிருந்தது, அதை அவன் கையோடு கொண்டுபோய்விட்டான். ஊராருக்கெல்லாம் ஜோடி சேர்த்தவளால் தன் ஜோடியைச் சேர்க்க முடியவில்லை. இதைவிடக் கேவலமான விஷயம் ஒன்று உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் முகம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. கண் எப்படி, மூக்கு எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

செப்டம்பர் மாதம் ஒரு காலையில் சாவோ பாவ்லோவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. இளம்பெண்ணின் குரல். பெயர் ஜுசாரா. மரியாதைக்குத் 'தோனா' சேர்த்துக் கூப்பிட்டாள்.

"வணக்கம் தோனா லிந்தால்வா. எங்க பக்கத்து வீட்டுக்காரங்க உங்க ஊர்தான். அவங்க வீட்டுச் சுவத்துல நீங்க செஞ்ச படம் மாட்டியிருக்கு. எங்கப்பாவும் உங்க ஊர்ப் பக்கம்தான், போன மாசம் தவறிட்டாருங்க. அம்மாவும் அவரும் சர்ச்சுல கல்யாணம் பண்ணிக்கல, ஒரு கல்யாணப் படம்கூட இல்ல. அம்மாவுக்குக் கிட்னி போச்சு. வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போறாங்க. அவங்களுக்கு ஒரே ஆசைதான். ரெண்டு பேரும் சின்ன வயசுல மாப்பிள்ளை பொண்ணா நிக்கிற மாதிரி ஒரு படம் வேணுமாம். அம்மா சின்ன வயசுப் படம் இருக்கு. அப்பாவுக்குத்தான் ஆஸ்பத்திரிப் படம் மட்டும் இருக்கு. முடியுங்களா?"

முடியும் என்று லிந்தால்வா பதில் அனுப்பினாள். இதைவிட மோசமானவர்களையெல்லாம் எழுப்பியிருக்கிறாள்.

படத்தில் ஒரு கிழவர் தலையணையில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய், நரைத்த தாடி, ஒட்டிய கன்னம். வழக்கம்போல் வேலையைத் தொடங்கினாள். குழாயை எடுத்தாள். தாடியை மழித்தாள். கன்னத்தை நிரப்பினாள். கண்ணுக்குக் கீழே தொங்கிய பையைச் சுருக்கி, நெற்றிக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அறுபது வயதுக்காரர் ஐம்பதுக்கு வந்தார், மத்தியானத்துக்குள் நாற்பதுக்கு வந்தார். முடியைக் கறுப்பாக்கியபோது அவளுக்குள் ஏதோ நெருடியது. யாரோ தெரிந்த முகம் என்று நினைத்தாள். கிஷாதாக்காரர் என்றால் தெரிந்த சாடை இருக்கத்தானே செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு முப்பதுக்கு இறக்கினாள்.

கடைசியாகக் காதுக்கு வந்தாள். காதை அவள் எப்போதும் கடைசியில்தான் தொடுவாள், அதில் அதிகம் வேலை இருக்காது. இடது காதின் மேல்விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு இல்லை. பழைய படங்களில் இப்படிப் பிய்ந்த இடத்தை அடைப்பது ஒரு நிமிட வேலை. அடைக்கப் போனவளின் கை அப்படியே நின்றது. ஒன்பது வயதில் கழுதை கடித்த காது அது. அணைக்கட்டுத் திருவிழாவில், கல்யாணத்துக்கு முன்னால், அந்தக் கதையைச் சொல்லித்தான் அவன் அவளை முதல்முதலாகச் சிரிக்கவைத்தான். கைப்பிடியளவு புல்லைத் தொப்பியில் செருகிக்கொண்டு கழுதைக்கு எதிரே போய் நின்றானாம், மடையன்.

திரையில் இருந்தது அதெமார். அவள் கையாலேயே ஒவ்வொரு வருடமாக உரித்து அவனை வெளியே எடுத்திருந்தாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, கோபம்கூட உடனே வரவில்லை. ஓ, மூக்கு இப்படித்தானா இருந்தது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஜுசாராவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். வேலைக்காகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அப்பாவுக்குக் காதுல ஒரு வெட்டு இருக்கே, அதை விட்டுவைக்கணுமா, அடைச்சிரவா?"

"ஐயோ, விட்டுவைங்க தோனா! அதுதான் அப்பாவோட பெருமையே. பண்ணை முதலாளியோட அடியாள் சுட்ட குண்டு. ஒரு நூல் தள்ளியிருந்தா நான் பொறந்திருக்கவே மாட்டேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

லிந்தால்வா தனியாக அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். முப்பத்தாறு வருடத்தில் கழுதை அடியாளாகிவிட்டது. சிரிப்பு அடங்கியதும் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அவருக்கு இந்த ஊர்ல சொந்தம் யாராவது இருக்காங்களா? சின்ன வயசுப் படம் ஏதாவது கிடைக்குமான்னு பாக்கத்தான்."

பதில் வரும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் பெயர் வருமா என்று காத்திருந்தாள்.

"யாரும் இல்லீங்க. முதல்ல ஒரு சம்சாரம் இருந்தாங்களாம். அப்பா இங்க வந்த ரெண்டாவது வருஷம் காய்ச்சல்ல செத்துட்டாங்களாம். கடிதாசி வந்துச்சாம். பேரைக் கேட்டா அப்பா எந்திரிச்சு வெளிய போயிடுவாரு, அழுதுடுவாருன்னு நாங்களும் கேக்க மாட்டோம். பக்கத்து வீட்டுல உங்க படம் இருக்குல்ல, அந்த வீட்டுக்குப் போனா அப்பா அதுகிட்டயே நின்னுட்டிருப்பாரு. ஓரத்துல உங்க ஊர்ப் பேரும் உங்க பேரும் எழுதியிருக்குமே, அதைத் தடவிப் பாப்பாரு. ஊர் ஞாபகம் போல."

ஊர் ஞாபகம் இல்லை என்பது லிந்தால்வாவுக்குப் புரிந்தது. அவள் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியும். எங்கே இருக்கிறாள், என்ன தொழில் செய்கிறாள் என்பதுகூடத் தெரியும். தெரிந்துகொண்டே வீட்டுக்குப் போய், அவளைச் செத்தவளாகவே வைத்திருந்தான்.

மறுநாள் தோர்ஜிவால் படக்கட்டோடு வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது... இது அந்த அதெமார்தானே?"

"ஆமா."

"எங்கேருந்து முளைச்சான் இந்த நாய்?"

"செத்துட்டான். அவன் பொண்ணு படம் அனுப்பியிருக்கா. அவங்க அம்மாவோட ஜோடி சேக்கணுமாம்."

தோர்ஜிவால் தலைக்கவசத்தைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்காரப் பார்த்தான், பிறகு நாற்காலியை இழுத்தான். "உன் புருஷனுக்கு நீயே இன்னொருத்தியக் கட்டிவைக்கப் போறியா? பைத்தியமா உனக்கு? கொமாத்ரே, இப்பவே போனை எடு. நான்தாண்டி அவன் பொண்டாட்டின்னு சொல்லு. விதவைங்கிற பேராவது உனக்குச் சேரட்டும். கறுப்புத் துணி போடு. பூசை வை. ஊரே வரும், நான் கூட்டிட்டு வரேன்."

"அவன் என்னைக் கொன்னுட்டான், தோர்ஜிவால். காய்ச்சல்ல."

"என்னது?"

"அங்க நான் செத்துட்டேன். எண்பத்தஞ்சுலயே."

அவன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். போகும்போது, "கோட்டு போடாத அவனுக்கு. பனியனோட நிக்கட்டும்" என்றான்.

அன்று மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். அலமாரிப் பெட்டியிலிருந்து, பத்தொன்பது வயதில் வாக்காளர் அட்டைக்காக எடுத்த தன் படத்தைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து, அதெமார் பக்கத்தில் வைத்தாள். வெளிச்சத்தைச் சரிசெய்தாள். தோளோடு தோள் ஒட்டினாள். ஏழு கோட்டுகளில் நல்லதாக ஒன்றை மாட்டிவிட்டாள். மனம் நிறையப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தாள். பார்க்க முடியவில்லை. அவன் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சுருக்கத்தையெல்லாம் அழித்தும் அது போகவில்லை. முப்பது வருடமாக வேறொரு வீட்டில், வேறு யாருடைய பேச்சுக்கோ சிரித்துப் பழகிய வாய் அது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு அந்தச் சிரிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடினாள்.

அப்போதுதான் கோபம் வந்தது. நல்ல கோபம். ஜுசாராவுக்கு எழுதத் தொடங்கினாள். 'உன் அப்பாவின் முதல் மனைவி நான்தான். எனக்குக் காய்ச்சலே வரவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன். உன் அப்பாவின் காதைக் கடித்தது கழுதை.' எழுதி முடித்து, அனுப்ப விரலை வைக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. இந்த முறை மகள் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பேசும் வயதான குரல்.

"நான் இவோனி பேசறேன்மா, ஜுசாராவோட அம்மா. உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறேன். கல்லறைத் திருநாள் வருதுல்ல... வருஷா வருஷம் அவரு அந்தப் பொண்ணுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துவாரு. அந்த முதல் பொண்ணுக்கு. நானும் பக்கத்துல முட்டி போடுவேன். அவ விட்டுட்டுப் போன எடத்துலதானே நான் உக்காந்திருக்கேன். மன்னிச்சுக்கடி தங்கச்சின்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். முப்பத்திரண்டு வருஷமா அவகிட்ட பேசறேன், மூஞ்சி தெரியாமலே பேசறேன். இந்த வருஷம் நான் ஒருத்திதான் ஏத்தணும். உங்க ஊர்ல யார்கிட்டயாவது அவ படம் ஒண்ணு கிடைக்குமாம்மா? பாவம், அவளுக்கு அங்க யாரும் இல்லன்னு நெனக்கிறேன்."

லிந்தால்வா அதை மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறைதான் அழுதாள். அவளுக்காக இந்த ஊரில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்ததில்லை, ஒருவரும் முழங்கால் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில், வருடத்துக்கு ஒரு சாயங்காலம், ஒருத்தி அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்ன கணத்தில் அந்தச் சாயங்காலம் இல்லாமல் போய்விடும். அவளுக்குக் கிடைப்பது விதவை என்ற பெயரும், தோர்ஜிவால் திரட்டி வருகிற கூட்டமும். அந்தக் கிட்னிக்காரிக்குக் கிடைப்பது, முப்பத்திரண்டு வருடம் தன்னை ஒருவன் முட்டாளாக்கினான் என்ற நினைப்பு.

எழுதியதை எழுத்தெழுத்தாக அழித்தாள். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் லிந்தால்வாவுக்குப் பிடிக்காது. தனக்கு எது வேண்டுமோ அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஜோடியை முடித்தாள். அதெமாருக்குக் கோட்டு போட்டாள், டையும் கட்டினாள். காதில் இருந்த வெட்டை அப்படியே விட்டாள். இவோனிக்கு வெள்ளைக் கவுனும், வளையத் தோடும், கையில் பூங்கொத்தும். இவோனியின் கண் சற்றே மாறுகண், அதைத் திருத்தவில்லை. திருத்தினால் அவள் வேறு யாரோ ஆகிவிடுவாள். நல்ல ஜோடியாகத்தான் இருந்தார்கள், அது அவளுக்கு வலித்தது.

அடுத்து வாக்காளர் அட்டைப் பெண்ணை எடுத்தாள். வாய்க்குக் குறுக்கே காப்பிக் கறை. வலது கண் வெளுத்து இருக்கிற இடமே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் இந்தப் படத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, கேட்டு வந்தவர் யார்? இரண்டு நாள் ஆனது. இமையை ஒவ்வொரு முடியாகப் போட்டாள். வழக்கப்படி தோடு போட்டுப் பார்த்தாள். மூன்று ஜோடி மாற்றினாள். எதைப் போட்டாலும் மற்றப் படங்களில் இருக்கும் செத்தவர்களைப் போலவே ஆகிவிட்டது. தோட்டைக் கழற்றிவிட்டு, வெறும் காதோடு அனுப்பினாள்.

கூடவே எழுதினாள்: "படம் கிடைச்சுது. பேர் மட்டும் இங்க யாருக்கும் ஞாபகம் இல்ல."

தோர்ஜிவால் அடுத்த வாரம் வந்து கேட்டான். "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"கோட்டோடயா?"

"கோட்டோட."

"நீ திருந்த மாட்ட" என்று தலையில் அடித்துக்கொண்டான். பிறகு தன் பையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

நவம்பர் இரண்டாம் தேதி கிஷாதாவே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. லிந்தால்வாவும் போனாள். தன் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசி, பூ வைத்து, பக்கத்துக் கல்லறைக் குடும்பங்கள் சோறும் பேச்சுமாக உட்கார்ந்திருப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. ஜுசாரா ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

சின்ன மேசை. அதன் மேல் விரிப்பு, பிளாஸ்டிக் ரோஜா. பின்னால் சட்டத்துக்குள் மாப்பிள்ளையும் பெண்ணுமாக அதெமாரும் இவோனியும். அவர்களுக்கு முன்னால் தனியாக, சின்னச் சட்டத்துக்குள், தோடு போடாத பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்கு முன்னால் கண்ணாடித் தம்ளருக்குள் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: "அம்மா ரொம்ப நேரம் அழுதாங்க தோனா. இவ்வளவு சின்னப் பொண்ணான்னு. முத்தம் குடுத்தாங்க."

லிந்தால்வா கதவருகிலேயே நின்றபடி விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். தொழில்காரியின் கண் அது, எதையும் சும்மா பார்க்காது. மறுபடி பார்த்தாள். எழுதினாள்.

"அந்தப் பொண்ணு படம் கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்கு. அம்மாகிட்ட அதை நேரா வைக்கச் சொல்லுங்க."

இரண்டு நிமிடத்தில் வேறொரு படம் வந்தது. நேராக வைத்திருந்தார்கள்.